அண்ணி போட்ட கையெழுத்து

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள் அவள். ஒரு மதியம் திடீரென்று காற்று கிளம்பியது. வேலையை நிறுத்தச் சொன்னார்கள், ஏணியில் இறங்கவும் கூடாது என்றார்கள். பன்னிரண்டு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு ஊஞ்சல் மாதிரி ஆட, இரண்டு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

சாமியைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை. ஒரே நினைப்புதான் குடைந்தது. கல்யாணமான மாதம் எடுத்த இன்ஷூரன்ஸில் நாமினி இன்னும் அந்தப் புருஷன்தான். அவன் விட்டுப் போய் ஆறு வருஷம். விவாகரத்தாகியே நாலு வருஷம். தனக்கு ஏதாவது ஆனால் பணம் அவன் கைக்குப் போகும், மகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பாள்.

காற்று அடங்கி இறங்கியவள், மறுநாள் லீவு போட்டுவிட்டு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் போய் நின்றாள்.

"பேர் மாத்துறது ஒரு பக்க ஃபாரம்தாம்மா" என்றார் கவுண்டரில் இருந்த அம்மாள். "பொண்ணுக்கு என்ன வயசு?"

"பன்னெண்டு."

"மைனரா? அப்ப பதினெட்டு ஆகுறவரைக்கும் அவ சார்பா பணத்தை வாங்கி வைக்க ஒரு பெரியவங்க வேணும். அவங்க கையெழுத்தோட வாங்க."

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். அம்மா, அப்பா இல்லை. அண்ணன் நல்லவன்தான், ஆனால் யார் கண்ணைக் கசக்கினாலும் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிற ஆள். திரும்பத் திரும்ப ஒரே முகம்தான் வந்து நின்றது: தையல் கடை வைத்திருக்கிற நாத்தனார், அவள் அண்ணி என்று கூப்பிடுகிறவள். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் போய் உட்காருவது அங்கேதான். ஆனால் அவள் விட்டுப் போனவனுடைய கூடப்பிறந்த அக்கா. தம்பி பெயரை அடிக்க அக்காவிடமே கையெழுத்துக் கேட்பதா?

கடைக்குப் போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தாள்.

அண்ணி துணி வெட்டிக்கொண்டிருந்தாள். இவள் விஷயத்தைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் அண்ணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ஃபாரத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"இவ்வளவு நாளா அவன் பேரா இருந்துச்சு?"

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி..."

"தப்பா? அட போடி! நீ அந்தக் கூண்டுல ஏறுற ஒவ்வொரு நாளும் எனக்கு இதே நினைப்புதான். அவன் பேரை எடுத்தியான்னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வரும். தம்பி பேரை எடுன்னு அக்காவே எப்படிச் சொல்றதுன்னு முழுங்கிடுவேன்."

"நீங்க கோவிச்சுப்பீங்கன்னு நான் பயந்து சாகுறேன்."

"நல்லா இருக்கு போ. ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிட்டு ஆறு வருஷம் ஓட்டியிருக்கோம்." அண்ணி பேனாவைத் தேடினாள். சட்டென்று நிறுத்தினாள். "ஏய், நான் உன்னைவிட எட்டு வயசு பெரியவ. நான் முந்திக்கிட்டா?"

"அப்ப வேற ஃபாரம் வாங்கிக்கிறேன்."

"பாரேன், இப்பவே என்னை வழியனுப்புறா!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அவளுக்கு அழுகையில் போய் முடிந்தது. அண்ணி கையில் கிடைத்த வெட்டுத்துணியை நீட்டினாள். மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் கையெழுத்து விழுந்திருந்தது.

மூன்றாவது வாரம், பெயர் மாற்றியாயிற்று என்று கடிதம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி பத்தாகியும் அவள் எழுந்திருக்கவில்லை. மகள் பதறிப்போய் அண்ணிக்குப் போன் செய்தாள்.

"அத்தை, அம்மா எழுந்திரிக்கவே மாட்டேங்குறாங்க. குறட்டை வேற."

"குறட்டை விடுறாளா? விடட்டும்டி, கதவைச் சாத்திட்டு இங்க வா."