வறண்ட ஆற்றை நீந்தியவன்

கூஃபா பெரிய பள்ளிவாசலில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த முதியவள் முஹாரிபின் முன்னால் வந்து நின்றாள்.

"நீதானே போர்க்கதை எழுதுறவன்?"

கதை என்ற சொல்லே அவருக்குக் குமட்டும். இருபது வருடங்களாக ஒட்டகக்காரர்களையும் விதவைகளையும் கால் இழந்த சிப்பாய்களையும் தேடிப்போய்க் கேட்டவர். எந்தச் செய்தி யார் வாய்வழி வந்தது என்று சங்கிலியாகப் பெயர்களை எழுதிவைப்பவர். போர்க்களங்களைத் தாமே நடந்து பார்த்தவர். அடுத்த தூணடியில் பாடம் சொல்லும் கைஸை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வாசற்படி தாண்டாமல் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளி.

"வரலாறும்மா. என்ன வேணும்?"

"எங்கண்ணன் ஹம்மாம், சண்டையில ஆத்தை நீந்தி ஓடிட்டான்னு எழுதியிருக்கியாம். அதைக் காட்டி அவன் பேத்திக்கு வந்த சம்பந்தத்தை முறிச்சுட்டாங்க."

"தளபதி சுரைஹ் கண்ணால பாத்துச் சொன்னது."

"நான் அங்க தண்ணி சுமந்தவ. கடுங்கோடை. அந்த ஆத்துல ஒரு சொட்டு கிடையாது. அரைக்காதம் தள்ளி இருந்த கிணத்துலேர்ந்து தோல்பையில கொண்டுவந்தோம். மணல்லயா நீந்துனான்? நடந்து பாத்தேன் நடந்து பாத்தேன்னு பீத்திக்கிறியே, அங்க போனியா?"

போகவில்லை. அதை விசாரித்து எழுதிய வருடம் வெயில் அதிகம். சுரைஹின் வீட்டில் குளிர்ந்த அறையும் சுட்ட ஆட்டுக்கறியும் இருந்தன.

"வயசானா ஞாபகம் தடுமாறும்," என்றார் முஹாரிப். மாணவர்கள் சிரித்தார்கள். அவள் தரையில் காறித் துப்பாத குறையாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆனால் அங்க போனியா என்ற கேள்வி அவரை விடவில்லை. மறுநாளே கோவேறு கழுதையை வாடகைக்குப் பிடித்து, ஐந்து நாள் வெயிலில் போனார். ஆறு இருந்த இடத்தில் மணல். மணலில் ஆடுகள் படுத்திருந்தன. வசந்தத்தில் மட்டும்தான் தண்ணீர் வரும் என்றான் இடையன். முஹாரிப் மணலில் உட்கார்ந்துவிட்டார். கோடையில் இந்த ஆற்றையே பார்க்காத சுரைஹ், அதை நீந்தியவனை எப்படிப் பார்த்தான்? அப்படியானால் களத்தை விட்டு ஓடியது யார்? ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் தம் எழுதுகோலைக் கொடுத்துவிட்ட தம்மை நினைக்க, கைஸே மேல் என்று தோன்றியது.

ஊர் திரும்பியபின் வந்த வெள்ளிக்கிழமை அவளை வரவழைத்து, எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, களத்துக்குப் போகாமல் சுரைஹ் வீட்டு விருந்தில் உட்கார்ந்து தாம் எழுதியது பொய் என்றார்.

"இருபது வருச ஆராய்ச்சி!" என்று கத்தினான் கைஸ். "ஒரு சாட்சிக்கு எத்தனை துண்டு கறி போட்டாங்க முஹாரிப்?"

பள்ளிவாசலே சிரித்தது. முஹாரிப் ஏட்டைப் பிரித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, சங்கிலியில உங்க பேரை எழுதணும். பேரு என்ன?"

"அன்னிக்கு அவ்வளவு பேசினேனே, அப்பக் கேக்கத் தோணலையா?"

அவர் எழுதுகோலை மையில் தோய்த்தார்.

"லுபாபா. நாஃபிஃ மக லுபாபா. எழுதினதை வாசிச்சுக் காட்டு. உன்னை நம்புறதுக்கில்ல."

வாசித்தார். மறுபடி வாசிக்கச் சொன்னாள். உரக்கச் சொல் என்றாள். மூன்றாம் முறை அவர் வாசிக்கையில் அடுத்த தூணடியில் பாடம் நின்றுபோயிருந்தது. கைஸின் மாணவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.