இன்பமலரின் கட்டைவிரல்

பட்டிகள் வந்துகொண்டே இருந்தன. உள்ளங்கை அகலம், தோல் நிறம், பின்பக்கம் வெள்ளிக் காகிதம். மூட்டில் ஒட்டினால் மூன்று நாளைக்கு வலி தெரியாது என்று பெட்டியில் எழுதியிருக்கும். இன்பமலர் ஒவ்வொன்றையும் இடது கையால் தூக்குவாள், வலது கட்டைவிரலின் பக்கத்தால் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவுவாள், பெட்டிக்குள் வைப்பாள். ஒட்டுச் சரியாகப் பிடிக்காத பட்டி கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய கையுறைக்குள்ளால் அவளுடைய விரலுக்குத் தெரியும். அது சிவப்புத் தொட்டிக்குப் போகும்.

அன்றைக்கு அவளுடைய கைகளுக்கு மேலே ஒரு கமரா தொங்கியது. கோப்பன்ஹேகனிலிருந்து வந்த இரண்டு பொறியியலாளர்கள் ஒரு பக்கம், பகுதிப் பொறுப்பாளன் ஜோனாஸ் மறுபக்கம். ஜோனாஸுக்கு முப்பது வயதுகூட இராது. சிரித்த முகம், பிறந்தநாளுக்கெல்லாம் மறக்காமல் கேக் கொண்டுவருகிற பிள்ளை. இந்தத் தொழிற்சாலையில் இவளைப்போல் ஓரம் பார்க்க வேறு ஆள் இல்லை என்று அவன் அவர்களிடம் சொன்னான். இன்பமலருக்கு அந்த டேனிஷ் முழுவதும் விளங்கியது. காது மடல் சூடாகியது.

அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கேளாததையும் சொன்னாள். பட்டியைக் காதுக்குப் பக்கத்தில் மெல்ல வளைத்தால் கெட்டது ஒரு சின்னச் சத்தம் தரும் என்பதை இதுவரை ஒருவருக்கும் அவள் சொன்னதில்லை. அதையும் வளைத்துக் காட்டினாள். வேலை முடிந்த பிறகும் ஒரு மணித்தியாலம் நின்றாள். ஒருவர் மனம்வைத்துக் கேட்கும்போது அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போக அவளுக்கு வராது.

உடுப்பு மாற்றும் அறையில் மேரிகிறேஸ் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மட்டக்களப்புக்காரி, அடுத்த லைனில் வேலை.

"எல்லாத்தையும் சொல்லிக் குடுத்திட்டீங்களாக்கா?"

"கேட்டவங்கள். சொல்லாம விடுறதே?"

"கொஞ்சத்தைக் கைக்குள்ள வச்சிருந்திருக்கலாம்."

"ஏன் மேரிகிறேஸ்? ஆறு வருசமா விக்காரா நிக்கிறன். இப்பதான் என்ர கையைத் திரும்பிப் பாத்திருக்கிறாங்கள்."

விக்கார் என்றால் ஏஜென்சிக்காரன் அனுப்புகிற ஆள். அடுத்த கிழமை வேலை இருக்கிறதா என்பதை ஒவ்வொரு வியாழக்கிழமையும் போனில் வரும் செய்தி சொல்லும். நிரந்தரமானவர்களுக்கு நீல நிற அட்டை, விக்காருக்கு மஞ்சள். ஆறு வருடமாக அந்த மஞ்சள் அட்டையை அவள் கழுத்தில் போட்டிருந்தாள். ஜோனாஸ் போன மாதம் அவளிடம், நிரந்தரத்துக்கு உன் பெயரையும் மேலே அனுப்பியிருக்கிறேன், கிடைக்கும்போலத்தான் தெரிகிறது என்று சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு இந்தக் கமரா. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறு என்னதான் நினைக்க முடியும்?

ஊர் கொழித்துக்கொண்டிருந்தது. ஸ்கீவ என்ற அந்தச் சின்ன டேனிஷ் நகரத்துக்கு வெளியே தொழிற்சாலைக்கு மூன்றாவது கட்டடம் எழும்பியது. அதற்கென்றே ஒரு புது வீதி போட்டார்கள். இந்தப் பட்டியை அமெரிக்காவுக்கு விற்று நாட்டின் வருமானமே உயர்ந்துவிட்டது என்று செய்தியில் வந்தது. அமெரிக்காக்காரனுக்கு முழங்கால் இருக்கிற விஷயமே இப்போதுதான் தெரியவந்திருக்கிறது என்று அவளுடைய புருஷன் செல்வராஜா பகிடி விடுவான். அவன் முதியோர் இல்லத்துக் குசினியில் பாத்திரம் கழுவுகிறவன். இன்பமலரின் வலது மணிக்கட்டு இரண்டு வருடமாக வலித்தது. அந்தப் பட்டியில் ஒரு பெட்டியின் விலை அவளுடைய ஒரு நாள் சம்பளம். இரவில் தைலம் பூசி, பழைய துணியால் சுற்றிக்கொண்டு படுப்பாள்.

மகள் கிருபாஷினிக்கு அந்த வருடம் கடைசிப் பரீட்சை. சரித்திரத்துக்கு வாய்மொழித் தேர்வு. வெள்ளை அட்டைகளில் கேள்வி எழுதிக் குசினி மேசையில் கவிழ்த்து வைப்பாள், தாய் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். இன்பமலர் துணி சுற்றிய கையால் அட்டையை எடுத்து, எழுத்துக்கூட்டி வாசிப்பாள். கிருபாஷினி டேனிஷில் பொழிந்து தள்ளுவாள்.

"இது எந்த நாடு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அமெரிக்கா அம்மா. ரெண்டு பெரிய சண்டைக்கும் நடுவில. அப்ப பெரிய வளர்ச்சி வந்தது. ஏன் வந்தது, எங்க போய் நிண்டது. ரெண்டும் சொல்லவேணும்."

பிறகு பிள்ளைக்குத் தமிழ் போதவில்லை, டேனிஷுக்கு மாறினாள். லைன் போட்டுக் கார் செய்தார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்குப் பக்கத்திலும் மணிக்கூட்டோடு ஒருவன் நின்று, கை எங்கே போகிறது, எத்தனை விநாடி என்று எழுதினான். சாமான் குவிந்தது, தவணைக்கு வாங்கினார்கள். வயல் செய்த கமக்காரருக்கும் கறுப்பின மக்களுக்கும் அதில் பங்கு கிடைக்கவில்லை. லாபம் கூடின வேகத்தில் சம்பளம் கூடவில்லை. கடைசியில் வாங்க ஆளில்லாமல் சாமான் தேங்கியது.

"செய்த ஆக்களுக்கே வாங்கக் காசில்லையோ?"

"கனபேருக்கு இல்லை. அதுதான் அதின்ர எல்லை."

இன்பமலர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு அடுத்த அட்டையை எடுத்தாள்.

அவர்களுடைய சபை, டேனிஷ்காரரின் தேவாலயத்தை ஞாயிறு பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்திருந்தது. பாட்டுக்குப் பிறகு சாட்சி சொல்லும் நேரம். நடந்த நன்மையை எழும்பி நின்று சொல்வது வழக்கம். நடக்கப்போவதை விசுவாசத்தால் முன்கூட்டியே சொல்லி நன்றி செலுத்துகிறவர்களும் உண்டு. ஈஸ்டர் கழிந்த ஞாயிறு இன்பமலர் எழும்பினாள். அவளுக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை.

"ஆறு வருசமா மஞ்சள் அட்டையோட போய் வந்தனான். கர்த்தர் என்ர கையைக் கனப்படுத்தினார். இனி எனக்கு நிரந்தரம் எண்டு விசுவாசிக்கிறன்."

எல்லாரும் கைதட்டினார்கள். வெளியே தேத்தண்ணி குடிக்கும்போது கிருபாஷினி மெல்லக் கேட்டாள். "கடிதம் வந்திட்டுதா அம்மா?"

"வரும் பிள்ளை."

"அப்ப ஏன் சொன்னீங்கள்?"

"விசுவாசம் எண்டால் அப்பிடித்தான்." கடிதம் வெறும் சம்பிரதாயம் என்று எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து பிள்ளையும் தாய்க்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்றே நம்பத் தொடங்கினாள். இன்பமலர் திருத்தவில்லை.

மே மாதம் இயந்திரம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு வெள்ளைக் கைகள். ஒன்று பட்டியைத் தூக்கியது, மற்றது மெல்லிய ரப்பர் நுனியால் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவியது. பிறகு ஒரு சின்ன ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பட்டியை மெல்ல வளைத்தது. இன்பமலர் வளைத்துக் காட்டிய அதே வளைவு. ஜோனாஸ் கேக் வாங்கி, அதில் சின்னக் கொடிகள் குத்தியிருந்தான். பச்சைப் பொத்தானை இன்பமலர்தான் அமத்த வேண்டும் என்று எல்லார் முன்னிலையிலும் அழைத்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அமத்தினாள். அந்தப் படத்தைச் சபையின் வாட்ஸ்அப்பில் செல்வராஜா போட்டான், நாற்பத்து மூன்று பேர் கைகூப்பினார்கள்.

ஜூன் மாதத்து இரண்டாம் வியாழன் செய்தி வரவில்லை. சில வேளை பிந்தி வரும், அதனால் திங்கட்கிழமை வழமைபோல் அஞ்சு இருபது பஸ்ஸுக்குப் போனாள். வாசலில் அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டுத் திரும்பக் காட்டினாள். சிவப்பு. பின்னால் நின்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு நீல அட்டைகளைக் காட்டி உள்ளே போனார்கள். மேரிகிறேஸின் அட்டையும் மஞ்சள்தான், அவளுக்குப் பச்சை எரிந்தது. அவளுடைய லைனுக்கு இன்னும் இயந்திரம் வரவில்லை.

"நான் போய் ஜோனாஸைக் கூட்டிவாறன், நில்லுங்கக்கா."

ஜோனாஸ் வந்தான். அவனுடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மேலே அனுப்பிய பெயர் திரும்பி வந்துவிட்டது, ஏஜென்சி சொல்லியிருக்கும் என்று நினைத்தேன் என்றான். உன்னைப்போல ஆள் எங்களுக்குக் கிடைக்காது என்றும் சொன்னான். பத்து மணிக்கு ஏஜென்சியின் செய்தி வந்தது. இரண்டு வரி. நன்றி என்றும் அதில் இருந்தது.

செல்வராஜாவுக்கு மட்டும் சொன்னாள். அவன் எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்தினான்.

"இஞ்சேரும், பிள்ளையின்ர சோதினை முடியட்டும். அதுக்குப் பிறகு சொல்லுவம்."

"சபைக்கு என்ன சொல்லுறது?"

"அதையும் பிறகு பாப்பம்."

அதனால் ஒவ்வொரு நாளும் அதே பஸ்ஸில் போனாள். ஸ்கீவ ரயில் நிலையத்து வாங்கில் நூலகம் திறக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். பிறகு நூலகக் கணினியில் வேலைக்கு எழுதுவாள். ஓரம் பார்க்கிற வேலை என்று எங்கும் ஒரு விளம்பரம் இல்லை. இரண்டு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். பின்னேரம் கவிழ்த்து வைத்த அட்டைகளிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். ஞாயிறு பாஸ்டர் கதவடியில் கையைப் பிடித்து, "கடிதம் வந்திட்டுதோ சகோதரி?" என்று கேட்டார். "வருது பாஸ்டர்" என்றாள். கோயில் வாசலில் நின்று பொய் சொல்லிவிட்டேனே என்று அன்றிரவெல்லாம் அழுதாள்.

பரீட்சையன்று பள்ளிக்கூடத்து நடையில் அறைக் கதவுக்கு வெளியே இருவரும் நின்றார்கள். கடைசித் தேர்வு முடித்து வரும் பிள்ளைக்கு வெள்ளைத் தொப்பியை வீட்டுக்காரர்தான் தலையில் வைக்க வேண்டும். பிறகு ஒருநாள் வகுப்பு முழுவதும் லொறியில் ஏறி, ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சாப்பிட்டுக் கொண்டாடும். செல்வராஜா கையில் ஒரு கொடி. இன்பமலர் தொப்பிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேறு குடும்பங்கள் போத்தல்களோடும் பூக்களோடும் நின்றன.

கதவு திறந்தது. கிருபாஷினி ஓடிவந்தாள்.

"பன்னிரண்டு அம்மா." அதற்கு மேல் புள்ளி கிடையாது.

செல்வராஜா அழுதேவிட்டான். இன்பமலர் பிள்ளையின் முகத்தைக் கைகளுக்குள் பிடித்து உச்சி முகர்ந்தாள். "எந்தக் கேள்வி பிள்ளை வந்தது?"

"அதேதான். அமெரிக்கா. எல்லாம் சொன்னன். கடைசியில வெளியால இருந்து வந்த ஆசிரியர் கேட்டவர், இதை இண்டைக்கு எங்கயாவது காண்கிறியா எண்டு." மூச்சு வாங்கியது, டேனிஷுக்கு மாறி, மறுபடி தமிழுக்கு வந்தாள். "நான் உங்களைச் சொன்னன் அம்மா. அந்தக் காலத்தில கையைப் பாத்து எழுதினவங்கள், தொழிலாளிக்கு ஒண்டும் குடுக்கேல்லை. இஞ்ச என்ர அம்மான்ர கையையும் படம் எடுத்தவங்கள். ஆனா அவவுக்கு வேலையை நிரந்தரமாக்கினவங்கள். அதுதான் வித்தியாசம் எண்டு சொன்னன். அவர் தலையாட்டி எழுதினவர். நல்ல உதாரணம் எண்டவர்."

செல்வராஜா கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்பமலர் பெட்டியைத் திறந்து தொப்பியை எடுத்தாள். அதன் ஓரத்தை வலது கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினாள். பிறகு பிள்ளையின் தலையில் வைத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை லொறி எங்கட வீட்டுக்கும் வரும் அம்மா. வகுப்பில எல்லாரும் வருவினம். ரோல்ஸ் செய்யவேணும். இண்டைக்கும் லீவு எடுத்தீங்கள், வெள்ளியும் தருவாங்களோ?"

"ஓம் பிள்ளை," என்றாள் இன்பமலர். "தருவாங்கள்."