வசுந்தரா போட்ட ஒரு செட் மாத்திரை

2003 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வாடிப்பட்டிக்கு வடக்கே நரியூத்துக் கண்மாயில் தண்ணீர் இல்லை. வெடித்துக் கிடந்த தரையில் ஒரு ஜீப் நின்றது. அதன் பின்னால் நீளமான கயிறு. கயிற்றின் மறுமுனையில், இரண்டு பேரைச் சுமக்கக்கூடிய பாராகிளைடர் ஒன்று விரித்து வைக்கப்பட்டிருந்தது.

சமவெளியில் பாராகிளைடர் கற்றுக்கொடுக்க இதுதான் வழி. ஜீப் ஓட ஓட, துணிச்சிறகு காற்றில் உப்பி மேலே ஏறும். உயரம் போதுமென்றதும் பறப்பவர் கயிற்றைக் கழற்றிவிட்டு, வட்டமடித்துக் கண்மாய்க்குள்ளேயே இறங்குவார். மதுரைத் திருநகரைச் சேர்ந்த வசுந்தராவும் அவள் தம்பி பாலமுரளியும் மூன்று ஆண்டுகளாக இந்தப் பயிற்சியை நடத்தி வந்தார்கள். பயிற்சிக்கு வருகிறவர்களைத் தனியாக ஏற்றிவிடத்தான் அவர்களுக்கு அனுமதி இருந்தது. இன்னொருவரைத் தன்னோடு கட்டிக்கொண்டு பறக்க வசுந்தராவுக்குத் தனிச் சான்று வேண்டும். அதற்கான தேர்வு அன்றைக்கு. தேர்வாளர் கனகசபாபதி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். ஆண்டுக்கு ஒருமுறைதான் வருவார். மத்தியானம் அவருக்குத் திரும்பும் பஸ்.

சிறகைக் கையாள்வதில் அவளுக்குப் பயமில்லை. காற்று கிழக்கிலிருந்து சீராக வந்தது. முந்தின ஆண்டு இதே கண்மாயில், நடுவானில் ஒரு பக்கம் மடங்கிய சிறகை விரித்துக்கொண்டு அவள் இறங்கியதைப் பார்த்தவர்கள் கரையில் இருந்தார்கள்.

அவளுடைய பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. பறக்கப் போகிறவரைச் சிறகோடு இணைக்கும் பட்டிகளான சேணத்தில் கட்டுகிறவர், கொக்கி மாட்டும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நேற்றுச் சாயங்காலத்திலிருந்து உள்ளே என்ன போயிற்று? கயிறு இழுக்கும் ஜீப் டிரைவருக்கும், தரையில் நின்று ரேடியோவில் வழி சொல்கிறவருக்கும் அதே கேள்விதான். பதில் சரியில்லையென்றால் அன்றைக்கு அவருக்கு வேலை கிடையாது. இரண்டு பேர் பறக்கும்போது கேட்கும் உரிமை பயணிக்கு.

முந்தின நாள், பயிற்சிக்கு வரும் உக்கிரபாண்டி இதில் மாட்டினான். உசிலம்பட்டிக்காரன், கபடி ஆடி உரமேறிய உடம்பு. அதற்கு முதல் ராத்திரி மச்சான் கல்யாணத்தில் இரண்டு பீர் குடித்ததை மறைக்காமல் சொன்னான். "நிதானமாத்தேன் இருக்கேன்க்கா. ஒத்தக் கால்ல நிக்கட்டா?" என்று நின்றும் காட்டினான். ஆடவில்லை. ஆனாலும் வசுந்தரா அவனை ஏற்றவில்லை. இன்றைக்கு வெறும் டீயோடு வந்து, தன் முறைக்காகக் கரையில் உட்கார்ந்திருந்தான்.

முதலில் டிரைவர் முத்திருளனைப் பாலமுரளி கேட்டான்.

"கறிதோசை ரெண்டு. அதுக்கப்புறம் எம் பொண்டாட்டிகிட்ட வாங்குன வசவு. அது இன்னும் செரிக்கலண்ணே."

சிரிப்பு அடங்கியதும் ஆரிப் முன்னால் வந்தான். அன்றைக்கு வசுந்தராவுக்கு முன்னால் கட்டப்படப் போகிற பயணி அவன்தான். ஆறு வாரமாகப் பயிற்சிக்கு வருகிறவன். அவள் தோள்பட்டியை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அக்கா, நேத்துச் சாயங்காலத்துல இருந்து உள்ள என்ன போச்சு?"

"ரெண்டு இட்லி. காலையில டீ. அப்புறம்..." அவள் மூக்கை உறிஞ்சினாள்.

பாலமுரளி சட்டென்று வீட்டு மொழியில் பேசினான். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழிதான். மாத்திரையைப் பற்றி இப்போது வாயைத் திறக்காதே, சாதாரணச் சளி, சொன்னால் வீண் பேச்சு வளரும் என்றான். முகத்தில் எதையும் காட்டாமல், கயிற்றைப் பற்றி ஏதோ சொல்வதைப் போலச் சொன்னான்.

ஆரிப் குனிந்து கொக்கியைப் பார்த்தபடியே சொன்னான்: "பாலமுரளிண்ணே, நான் பொறந்து வளந்தது பந்தடித் தெருவுல. எங்க வீட்டுக்கு ரெண்டு பக்கமும் உங்க ஆளுகதான். அந்தப் பாசையில சண்டை போடவே வரும் எனக்கு."

முத்திருளன் ஜீப்புக்குள் இருந்து, "போச்சுடா!" என்றான்.

வசுந்தரா தம்பியைப் பார்க்கவில்லை. ஆரிப்பைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "சளிக்கு ஒரு செட்டு மாத்திரை. ராத்திரி ஒரு வேளை, விடியக்காலை ஒரு வேளை."

முந்தின நாள் வீடு திரும்பும் வழியில், காளவாசலில் ஜீப்பை நிறுத்தி வாங்கியது. சளி, தும்மலுக்கு ஒரு செட் என்று கேட்டால், மருந்துக்கடையில் நாலைந்து வகை மாத்திரைகளைப் பட்டையிலிருந்து வெட்டிச் சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். பெயரை யாரும் கேட்பதில்லை. வெட்டிய துண்டில் பெயரின் பாதிதான் இருக்கும். அவளும் கேட்கவில்லை. மூன்று ஆண்டுகளாக எல்லாரிடமும் சாராயத்தையும் பீரையும் கஞ்சாவையும் தேடியவளுக்கு, தன் கைப்பையில் இருந்த உறை அந்தக் கணக்கில் வருமென்று அன்று காலைவரை தோன்றவில்லை.

"சளி மாத்திரைதானுங்களே," என்றார் கனகசபாபதி. "நானும் போட்டிருக்கேனுங்க. நீங்க தெளிவாத்தான் இருக்கறீங்க."

"என்ன மாத்திரைன்னு எனக்கே தெரியாது சார்."

உறையில் கடையின் போன் நம்பர் அச்சாகியிருந்தது. பாலமுரளி செல்போனைத் தூக்கிக்கொண்டு, சிக்னலுக்காகக் கரைமேல் ஏறினான். நாலாவது முயற்சியில் கடைக்காரர் எடுத்தார். பாலமுரளி அதிகம் பேசவில்லை. இறங்கி வரும்போது அவன் நடையிலேயே பதில் தெரிந்தது.

"அதுல சின்ன வெள்ளை மாத்திரை தூக்கம் வர வைக்குமாம். 'வண்டி கிண்டி ஓட்டிறாதீங்க'ங்குறாரு. நேத்துக் கூட்டத்துல சொல்ல மறந்துட்டாராம்." பிறகு, இந்த முறை தமிழிலேயே, "ஆனா உனக்குத் தூக்கம் வரலைல? நல்லாத்தான இருக்க?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறமென்ன? சார் மத்தியானம் கெளம்பிருவாரு. இன்னும் ஒரு வருசம் காத்துக்கிட்டுக் கெடக்கவா?"

கரையிலிருந்து உக்கிரபாண்டியின் குரல் வந்தது. "என்னக்கா, பீருக்கு ஒரு சட்டம், மாத்திரைக்கு ஒரு சட்டமா? ஒத்தக் கால்ல நின்னு காட்டுங்க, பாப்போம்!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பாலமுரளி, "டேய், சும்மா கெட" என்று திரும்பினான்.

"அவன் சரியாத்தான் கேக்குறான்," என்றாள் வசுந்தரா. "நிதானமா இருக்கேன்னு எனக்குத் தோணுது சார். நேத்து அவனுக்கும் அப்படித்தான் தோணுச்சு. அவனை நான் நம்பல. இன்னைக்கு என்னை மட்டும் எதை வச்சு நம்புறது? முன்னால தொங்கப் போறது இந்தப் பையன்."

கனகசபாபதி விரித்துக் கிடந்த சிறகைத் திரும்பிப் பார்த்தார். சிறகின் ஓரம் காற்றில் படபடத்தது. இதைவிட நல்ல காற்று கிடைக்காது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"அடுத்த வருசம் வரைக்கும் என்னால வர முடியாதுங்க. தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் சார்."

அவள் மார்புக் கொக்கியைத் தானே கழற்றினாள். தொடைப் பட்டிகளை ஆரிப் கழற்றினான். சேணத்தைத் தரையில் வைத்ததும், பாலமுரளி இடுப்பிலிருந்த ரேடியோவை எடுத்து அவளிடம் நீட்டினான். முகம் இறுகியிருந்தது. "சரி, இதையாவது பிடி. நான் கயிறைப் பாத்துக்கறேன்."

"அதுவும் இல்ல. மேல இருக்கவனுக்கு நான் ஒரு நொடி தாமதமாச் சொன்னா என்ன ஆகும்? நீயே பேசு. கயித்துக்கு ஆரிப் நிக்கட்டும்."

"நீ என்ன பண்ணப் போற?"

"தூங்கப் போறேன். அதுக்குத்தான மாத்திரை?"

முதலில் சிரித்தது ஆரிப். பாலமுரளிக்குச் சிரிப்பு வர இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜீப்புக்குப் பின்னால் கருவேல மர நிழலில் தார்ப்பாயை விரித்து அவள் படுத்தாள். பெரிய சிறகைச் சுருட்டிவிட்டு, ஒற்றை ஆள் சிறகை விரித்தார்கள். உக்கிரபாண்டி இறங்கி வந்து சேணத்தை மாட்டிக்கொண்டான். கொக்கியில் கை வைத்த ஆரிப் கேட்டான்.

"நேத்துச் சாயங்காலத்துல இருந்து உள்ள என்ன போச்சு? மாத்திரை, டானிக்கு, இருமல் மருந்து எல்லாம் சேத்துச் சொல்லு மாப்ள."

"டீ மட்டும். அம்புட்டுத்தான்."

ஜீப் கிளம்பியது. கண்மாயின் பாதி நீளத்தைக் கடக்கும் முன் உக்கிரபாண்டியின் கால் தரையை விட்டது. அன்று காலை அவனையும் சேர்த்து நான்கு பேர் பறந்து, நால்வரும் நல்லபடியாக இறங்கினார்கள். பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் பயிற்சியை நிறுத்தினார்கள். வசுந்தரா அதுவரை எழுந்திருக்கவில்லை. கனகசபாபதி மத்தியான பஸ்ஸில் கோயம்புத்தூர் திரும்பினார். அந்த ஆண்டு அவளுக்குச் சான்று கிடைக்கவில்லை.