சீப்பும் பட்டனும்

சந்துப் பக்கத்துச் சுவர் முழுவதையும் நடுவில் நிறுத்தாமல் அடித்து முடித்தபோது அண்ணிக்கு இரண்டு கையும் விட்டுப்போயிருந்தன. ஆனால் மனசு நிறைந்திருந்தது. கம்ப்ரசர் காற்றில் கலவையைச் சுவர்மேல் தூவி அடிக்கிற டெக்ஸ்சர் வேலையில் பாதியில் கை நின்றால் போச்சு. அந்த இடம் தழும்பு மாதிரி காலத்துக்கும் காட்டிக்கொடுக்கும். அதனால் பெரிய சுவர் என்றால் இதுவரை அவள் கணவன்தான் ஸ்ப்ரே கன்னைப் பிடிப்பான். அவன் வெளியூர் வேலையில் மாட்டிக்கொண்டதால், இந்தக் கட்டடத்தை அவளும் அவள் நாத்தனாரும் மட்டும் எடுத்திருந்தார்கள். நாத்தனார் ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் ஒட்டுவாள், கலவை கலக்குவாள், கன்னின் தலையில் இருக்கும் புனல் காலியாகிவிடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பாள்.

"ஒட்டுத் தெரியுதான்னு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் தேடிப் பாத்துட்டேன் அண்ணி. கண்ணு வலிக்குது, வேற ஒண்ணும் இல்ல," என்றாள் நாத்தனார். அவள் வாயிலிருந்து பாராட்டு என்று வந்தால் அவ்வளவுதான் வரும்.

சுவர் சொரசொரவென்று இருக்க வேண்டும் என்பது வீட்டுக்காரம்மாவின் கட்டளை. அந்தச் சந்தில் அவருக்கு வரிசையாக மூன்று வாடகை வீடுகள். "கண்டவன் வந்து போஸ்டர் ஒட்டிட்டுப் போறான். இனிமே எவனும் இந்தச் சுவத்துல கை வைக்கக் கூடாது. அப்படி அடிச்சுக் குடு," என்று சொல்லியிருந்தார். அண்ணியும் பெரிய மணலாகப் பார்த்துச் சேர்த்து, சாம்பல் நிறத்தில் அடித்துக் கொடுத்திருந்தாள்.

மறுநாள் பிற்பகல். முன்பக்கச் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தபோது கைத்தடியோடு ஒருவர் வந்து நின்றார். சட்டைக் கையெல்லாம் மாவு. தெருமுனை பேக்கரியில் மாவு பிசைகிறவர். தெருவில் எல்லாருக்கும் அவர் மாவுக்காரர்தான். கண் தெரியாது. சந்தின் கடைசி வீட்டில் மனைவியோடு குடியிருந்தார்.

"சந்துச் சுவரு யாரு வேலை?" என்று கேட்டார்.

"நாங்கதாண்ணே," என்றாள் அண்ணி. நல்லதாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் வலது கையை நீட்டினார். விரல் நுனிகள் தோலுரிந்து சிவந்திருந்தன. "உப்புப் போட்ட மாவுல இதை வெச்சுப் பிசைஞ்சு பாருங்க, தெரியும்."

அண்ணி குனிந்து அந்த விரல்களைப் பார்த்தாள். நாத்தனார்தான் கேட்டாள். "தடி இருக்கேண்ணே, சுவத்தை எதுக்குத் தொடுறீங்க?"

"தடி கீழ என்ன கெடக்குதுன்னு சொல்லும். வீடு எங்க இருக்குன்னு சுவருதாம்மா சொல்லும். என் வாசலுக்கு முன்னாடி ஒரு விரிசல் இருந்துச்சு. அதைத் தொட்டா வீடு வந்தாச்சு. இப்போ எல்லாம் ஒரே மாதிரி. காலையில சாப்பிட வந்தவன், நேரா நடு வீட்டுக்குள்ள போய், தையல்காரர் நாற்காலில உக்காந்து தண்ணி கேட்டிருக்கேன். அவர் சம்சாரம் ஒண்ணும் சொல்லாம கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சு முடிச்சப்புறம்தான் சந்தேகமே வந்துச்சு, நம்ம வீட்ல இவ்வளவு மரியாதையா தர மாட்டாங்களேன்னு."

நாத்தனார் சிரித்துவிட்டாள். அண்ணியால் சிரிக்க முடியவில்லை. அந்த விரிசலை அடைத்தது அவள். அடைத்த இடம் தெரியக் கூடாது என்று அவ்வளவு பொறுமையாகத் தேய்த்து அடைத்தவளும் அவளேதான்.

அவர் போன பிறகும் அவளுக்கு வேலை ஓடவில்லை.

"கை படற இடத்துல மட்டும் ஒரு பட்டை சுரண்டி எடுத்துட்டு, வழுவழுன்னு பூசிட்டா என்ன?" என்றாள் கடைசியில்.

"நேத்து முழுக்க அந்தச் சுவத்தைத் திரும்பித் திரும்பிப் பாத்துச் சிரிச்சது நீங்கதானே?"

"நான்தான். இன்னைக்குன்னா கொத்துக்கரண்டியால சுரண்டிடலாம். இறுக விட்டா உளி போடணும்."

வீட்டுக்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "போஸ்டர்காரனுக்கு நீயே இடம் போட்டுக் குடுக்கிறியா?" என்றார். அண்ணி அவரைச் சந்துக்குள் அழைத்துப்போய், சுவர்மேல் தன் உள்ளங்கையைக் குறுக்காக வைத்துக் காட்டினாள்.

"இவ்வளவு அகலம்தாம்மா. இதுல எந்தப் போஸ்டரை ஒட்டுவான்?"

வீட்டுக்காரம்மா அந்தக் கையையே பார்த்தார். "தையல்காரன் வீட்ல தண்ணி குடிச்சாராமே," என்றார். உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. "சரி. அசிங்கமா இருந்தா மறுபடியும் பழையபடி அடிச்சுத் தரணும், சொல்லிட்டேன்."

அண்ணி நூல் பிடித்து, மட்டம் பார்த்து, இடுப்பு உயரத்துக்கு நேர்கோடு ஒன்று போட்டாள். கரண்டியை வைக்கப் போகும்போது நாத்தனார் கையைப் பிடித்தாள்.

"நில்லுங்க. இதைப் பாருங்க."

சாம்பல் சுவரில் வெள்ளையாக ஒரு தடம் ஓடியது. மாவு. விடிகாலையிலிருந்து போகவும் வரவும் அவர் கை பட்டுப்பட்டு, சொரசொரப்பின் முனைகளில் எல்லாம் ஒட்டியிருந்தது. அந்தத் தடம் நேராக இல்லை. சந்து சரிகிற இடத்தில் அதுவும் சரிந்தது, வாசற்படிகளுக்குப் பக்கத்தில் மெல்ல ஏறியது. அண்ணி போட்ட கோடு ஒரு கோடியில் அதற்கு ஒரு முழம் மேலே இருந்தது.

"அந்த நூலை நம்பியிருந்தா அவரு அங்க தோளைத் தூக்கிக்கிட்டு நடந்திருக்கணும்," என்றாள் நாத்தனார்.

நூலை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மாவுத் தடத்தின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டினார்கள். முதல் தடவை கரண்டியை இழுத்தபோது பொலபொலவென்று உதிர்ந்ததை அண்ணி ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தாள். அதற்கப்புறம் பழகிவிட்டது. சுரண்டிய இடத்தை நனைத்து, சலித்த மணலில் மெல்லிய கலவை பூசி, எஃகுத் தகட்டால் இழுத்து இழுத்து வழவழப்பாக்கினாள். கடைசி வாசலுக்கு முன்னால் வந்ததும் என்ன அடையாளம் வைப்பது என்று யோசித்தாள். நாத்தனார் தன் கொண்டையிலிருந்த சீப்பை உருவி, ஈரத்தில் மேலிருந்து கீழாக வரிவரியாக இழுத்தாள்.

சத்தம் கேட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனவர், பெரிய கோட்டுப் பட்டன் ஒன்றோடு திரும்பி வந்தார். "என் வாசலுக்கு இதைப் பதிச்சுடுங்க. இனிமே வந்தா தெரிஞ்சே வரட்டும்," என்றார்.

நன்றாகக் காயும்வரை மாவுக்காரர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு போய் வந்தார். காய்ந்த அன்று, பேக்கரியிலிருந்து வந்தவரை அண்ணி சந்துமுனையில் நிறுத்தினாள். "அண்ணே, கையை வெச்சுப் பாருங்க. கடிக்காது."

அவர் விரல்களில் துணி சுற்றியிருந்தார். அதை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, கையை நீட்டினார். தேட வேண்டியிருக்கவில்லை, கை போன இடத்தில் பட்டை இருந்தது. சரிவில் இறங்கினார். இரண்டு பெண்களும் பின்னாலேயே போனார்கள். நடு வாசலுக்கு முன்னால் விரல் பட்டனில் தடுக்கியதும் நின்று தடவிப் பார்த்தார்.

"தையல்காரரே, தண்ணி வேணாம். தாண்டிப் போயிட்டிருக்கேன்," என்று குரல் கொடுத்தார். உள்ளே தையல் மெஷின் நின்று, சிரிப்புச் சத்தம் கேட்டது.

கடைசி வாசலில் சீப்பு வரிகளை மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டு அவர் ரொம்ப நேரம் நின்றார். எங்கேயாவது குத்துகிறதோ என்று அண்ணிக்குப் பயமாகிவிட்டது.

"யாரோட சீப்பும்மா இது?"

"என்னோடதுண்ணே," என்றாள் நாத்தனார்.

"ரெண்டு பல்லு இல்ல. மாத்திடுங்க, முடி சிக்கும்."

கதவைத் திறந்து உள்ளே போனவர், "ஏய், இன்னைக்கு நானே வந்துட்டேன்," என்று மனைவியிடம் சொல்வது வெளியே கேட்டது. நாத்தனார் கொண்டையிலிருந்த சீப்பை எடுத்துப் பார்த்து, மறுபடி செருகிக்கொண்டாள். அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரம்மா வந்து சந்தைக் கடைசிவரை நடந்து பார்த்தார். "கோணலா இருக்கே," என்றார்.

"தரை எப்படியோ அப்படிம்மா."

அவர் திரும்பி வரும்போது, மேடு ஏறுகிற இடத்தில் தன்னையறியாமல் பட்டையில் கை வைத்துக்கொண்டார். முனைக்கு வந்ததும் கையை எடுத்துப் பார்த்துக்கொண்டார், ஒன்றும் ஒட்டவில்லை.

"முன்பக்கமும் இதே மாதிரி பட்டை விட்டுடு," என்றார்.

"அவரு தினமும் போற வழி அது இல்லையேம்மா."

"அவரு ஒருத்தர்தானா நடக்கிறாரு? வேற யாராவது வருவாங்க. விட்டுடு."

மறுநாள் காலையில் கம்ப்ரசரைப் போடுவதற்கு முன்னால் இருவரும் முன்சுவருக்கு டேப் ஒட்டத் தொடங்கினார்கள். எந்த உயரத்தில் ஒட்டுவது என்று சண்டை வந்தது. வழியில் போன ஆட்களை எல்லாம் நிறுத்தி, "கொஞ்சம் சுவத்துல கை வெச்சுக்கிட்டு நடங்களேன்," என்று நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்தாள்.