வித்தி விழித்த கதையில் ஆட்குறைப்பு

1

உலக இலக்கியத்தின் அடிப்படைக் குறையை நான் கண்டுபிடித்துவிட்டேன்: ஆட்கள் அதிகம். ஒரு கதைக்கு ஒருவர் போதும். மற்றவர்கள் சும்மா இடத்தை அடைக்கிற கூட்டம்.

இந்த உண்மை எனக்குப் புலப்பட்ட இடம், அலுவிகாரையில் எங்கள் வீட்டுக் கக்கூஸ் வாசல். உள்ளே இருந்தவர் என் மூத்த அண்ணன், மக்கீன் நானா. வெள்ளிக்கிழமை அவருக்குப் பலாபத்வலையில் நிக்காஹ்.

2

முதல் ஆரம்பம்: ‘கல்யாண வீட்டில் மாமிமார், சாச்சிமார், தேங்காய் துருவும் பீபி, நாவுலயிலிருந்து கத்தரிக்காய் மூட்டையோடு வந்திறங்கிய முத்தலிப் மாமா...’

(வெட்டிவிட்டேன். இவர்களால் கதைக்கு என்ன பிரயோசனம்?)

இரண்டாம் ஆரம்பம்: குடல். 1978இல் பேராதனையில் விஞ்ஞானம் படிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அங்கே கோடிக்கணக்கான நுண்ணங்கிகள் பந்தியில் உட்கார்ந்தபடியே இருக்கின்றன. நடுவில் ஒரு பற்றீரியா மட்டும் கெட்டியான ஓட்டுக்குள் விதைபோல, வித்தியாக உறங்குகிறது. எழுந்தாலும் அதற்கு இடமில்லை, சாப்பாடும் இல்லை. பல்வலிக்கென்று நானா விழுங்கிய கிருமிகொல்லிக் குளிசைகள் பந்தியையே காலிசெய்தன. வித்தி விழித்துக்கொண்டது.

இதோ என் கதாநாயகன்! தனி ஆள்! அது பெருகியது, மேலும் பெருகியது, மேலும்

3

எழுதியவரைக்கும் என் அக்கா, ஸரீனா ராத்தா, வாசித்தாள்.

“டேய், மாப்பிள்ளை எங்கடா?”

“கக்கூசுல.”

“பொண்ணு?”

“வெட்டிட்டேன்.”

“ஒன்ட கதையில அந்தக் கிருமி மட்டுந்தான் நல்லா இருக்கு. அதுக்கா நிக்காஹ்?”

“ஸரீனா, இன்னொரு வாளி தண்ணி!” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டர் ரபாயேல் சுருக்கமாகச் சொன்னார்: “குளிசைய நிப்பாட்டுங்க. கூட்டம் திரும்பி வந்திச்சின்னா, அந்தக் கிருமியாரு தானா அடங்கிருவாரு.”

“எந்தக் கூட்டம் டொக்டர்?” நானா பயந்துபோனார்.

“வயித்துக்குள்ள இருக்கிறது. சும்மா இருக்கிற மாதிரித்தான் தெரியும். இருக்கிறதுதான் அதுங்க வேலை.”

இதை ஏன் என்னைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

4

முடிவு அ: நிக்காஹ் தள்ளிப்போகிறது. (ராத்தா பேனையைப் பிடுங்கிக்கொண்டாள்.)

முடிவு ஆ: வெள்ளி காலை. நானா கஞ்சி குடித்துவிட்டு, சேர்வானி மாட்டி, வாசலில் நிற்கிறார். முகத்தில் தைரியம், கை மட்டும் வயிற்றில். வேன் வந்துவிட்டது. முன்சீட்டில் அவருடைய கூட்டாளி சில்வெஸ்டர். பின்னால் நூருன்னிஸா மாமி, மாமியின் மடியில் ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையின் மடியில் இன்னொன்று. மூலையில் பெயர் தெரியாத இரண்டு சாச்சாமார், வெற்றிலையோடு. நானாவை நடுவில் நெருக்கி உட்காரவைத்தேன்.

இடுக்கில் இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருந்தது. உங்களை எழுதிவிட்டேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். வழியில் எங்காவது நிறுத்த வேண்டிவந்தால், டிரைவரிடம் நீங்களே சொல்லுங்கள்.