பிறந்த வீட்டுக் கோடி

கோடிச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு ரூபன் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டான். பிறந்த வீட்டுச் சேலை மேலே விழாமல் கட்டிக்கொடுத்த பெண்ணின் பிணத்தைத் தூக்க முடியாது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"பெரியாஸ்பத்திரில அறுத்துக் குடுத்த ஒடம்பு. தாங்காது. போட்டுடு கண்ணு" என்றார் ஊர்ப் பெரியவர் நரசிம்மலு.

"போடறனுங்க. மாத்திரய என்ன பண்ணுனாருன்னு மாமா சொல்லட்டும். எல்லாருக்கும் கேக்கோணும்."

அக்கா புருஷன் ஐயாசாமி தலையைத் தூக்கவில்லை.

சோறு இறங்காமல், நெஞ்சு படபடத்து, சுவரைப் பார்த்தே இரண்டு வருஷம் கிடந்தவள் அக்கா பழனியாத்தாள். பவுண்டரி வேலைக்கு லீவு போட்டு, தொண்டாமுத்தூரிலிருந்து மாசாமாசம் கோயமுத்தூருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனவன் ரூபன். முதல் மாத்திரைக்கு எச்சில் ஒழுகத் தூங்கினாள். இரண்டாவதுக்குக் கை நடுங்கி டம்ளர் நிற்கவில்லை. மூன்றாவதை எழுதிய டாக்டர், ஆறு வாரம் பொறுக்கச் சொன்னார். ஐந்தாவது வாரம், "ஏன்டா, உம்பட பொண்டாட்டி கொழம்புக்கு உப்பே போடமாட்டாளா?" என்றாள். ரூபன் வீட்டுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தான்.

நல்லாகிவிட்டாலும் நிறுத்தக் கூடாது, வீட்டு ஆள்தான் கையில் எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பியபின், மாத்திரையை மாசாமாசம் ஐயாசாமியிடம் கொடுத்தான். "தின்னுட்டுத்தான் இருக்கறா மாப்ள" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டான் அவன்.

நேற்று அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். போர்த்தத் துணி தேடி ஐயாசாமியின் தகரப்பெட்டியை ரூபன் திறந்தான். மூன்று மாசத்து மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல் கிடந்தன.

"பைத்தியக்கார மாத்திரைன்னு சனம் பேசுச்சு..." ஐயாசாமி மண்ணைப் பார்த்துச் சொன்னான். "நல்லாத்தான இருந்தா. இனி எதுக்குன்னு..."

"சத்தமாச் சொல்லுங்க மாமா. கொட்டுக்காரங்களுக்குக் கேக்கல."

கொட்டு நின்றது. பெண்கள் ஒப்பாரியை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாந்தான் குடுக்கல! மூணு மாசமா நாந்தான் எடுத்து ஒளிச்சு வெச்சுப்போட்டேன்! போதுமா?"

ஐயாசாமியின் குரல் பிளந்துபோயிற்று. யாரும் அவன் பக்கம் போகவில்லை.

"அதான் சொல்லிப்போட்டானல்ல" என்றார் நரசிம்மலு. "போடு சாமி."

ரூபன் சேலையின் மடிப்பைக்கூடப் பிரிக்கவில்லை.

"இன்னொருக்கா சொல்லுங்க மாமா."

வெயில் பந்தலோரம் தாண்டி பழனியாத்தாளின் முகத்தில் விழுந்தது. ரூபன் உட்கார்ந்தபடியே நகர்ந்து, வெயிலுக்கு முதுகைக் கொடுத்தான்.