வெளியூர் போனவன்

சாவை மறைப்பதில் அந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்பா செத்தபோது சின்னவனுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சை. அம்மா அவனைச் சித்தி வீட்டில் தங்கவைத்துவிட்டு, "அப்பா வெளியூர் போயிருக்கார்டா" என்று சொல்லிவிட்டாள். அவனும் எல்லாப் பரீட்சையையும் ஒழுங்காக எழுதி முடித்து, அப்பா வாங்கி வரப்போகும் கைக்கடிகாரத்தை நினைத்துக்கொண்டே வீடு திரும்பினான். சுவரில் அப்பாவின் போட்டோ மாட்டியிருந்தது. அதற்காக அம்மாவை அவன் மன்னித்ததே இல்லை.

ஆனாலும் ரத்தத்தில் ஊறியது எங்கே போகும்? அண்ணன் ஓட்டிய லாரி கவிழ்ந்து அவன் செத்துப்போனான் என்ற செய்தி வந்ததும், "அம்மாகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது" என்று முந்திக்கொண்டு சொன்னவன் சின்னவன்தான். அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற உயிர் நிம்மதியாகப் போகட்டுமே என்று நினைத்தான்.

அண்ணனுக்கான காரியங்களை விபத்து நடந்த ஊரிலேயே முடித்தார்கள். ஒரு கல்யாணத்துக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். திரும்பி வந்ததும் அம்மா அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பொண்ணு எப்படி இருந்தா? சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்று ஆசையாகக் கேட்டாள். அண்ணி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பெண் கொஞ்சம் குள்ளம் என்றுகூடச் சொன்னாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

அண்ணன் எந்த ஊரில் இருந்தாலும் சாயங்காலம் அம்மாவிடம் பேசுவான். அது நின்றுபோனால் குட்டு உடைந்துவிடுமே! அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே குரல் என்று ஊரே சொல்லும். சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை பார்க்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் நின்றுகொண்டு அவன் வீட்டுக்குப் போன் போடுவான். அங்கே மோட்டார் போடும் இரைச்சல் போனில் லாரி இன்ஜின் மாதிரியே கேட்கும். அண்ணி போனை அம்மாவின் காதில் வைப்பாள்.

"முதலாளியம்மா, என்ன பண்றீங்க?" என்பான். அண்ணன் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவான்.

"எப்படா வருவே?"

"லோடு இறக்கியாச்சுன்னா கிளம்பிடுவேன். நான் வர்ற வரைக்கும் தெம்பா இரு."

அங்கேதான் தப்புச் செய்தான். மகன் சொல்லைத் தட்டாத அம்மா, தெம்பாக இருக்க ஆரம்பித்தாள். உடம்பு எலும்பாக வற்றியது. முதுகில் புண் வந்தது. வலிக்குக் கொடுத்த மருந்து அம்மாவைத் தூங்கவைத்ததே தவிர வலியைத் தின்னவில்லை. தூக்கத்திலும் முனகினாள். உயிர் மட்டும் பிடிவாதமாக நின்றது.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். உயிர் பழைய சட்டையைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டுக்கொள்ளும் என்று மாமா ஆறுதல் சொன்னார். அண்ணியின் அம்மாவுக்கு வேறு மதம். கடவுள் பெயர் சொல்லி எழுப்பும் வரைக்கும் எல்லோரும் தூங்குவோம் என்றாள். சின்னவனுக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. கரண்ட் போனால் விளக்கு அணையும், அவ்வளவுதான். சாமி சமாச்சாரமெல்லாம் பயந்தவர்கள் கட்டிய கதை என்று சாப்பிடும்போதெல்லாம் வம்பு வளர்ப்பவன் அவன். இப்போது மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸம்மா ஒருநாள் அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "நான் எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன், தம்பி. இவங்க யாருக்காகவோ காத்துட்டு இருக்காங்க. வரவேண்டியவங்களைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி திரும்பினாள். நர்ஸம்மா போகும் வரை பொறுத்திருந்துவிட்டு, "தினமும் அந்தக் குரலை என் கையாலயே பிடிச்சுட்டு நிக்கிறேன்" என்றாள். "என் புருஷன் செத்தும் சாகலை. உங்கம்மா சாகவும் முடியாம கிடக்குறாங்க. போதும்."

அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மோட்டார் அறையிலிருந்து போன் போட்டான். என்ன சொல்வது என்று பகலெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டும் ஒன்றும் தோன்றவில்லை. "முதலாளியம்மா" என்று ஆரம்பித்ததும், கீழே லிஃப்ட் ஏதோ ஒரு மாடியில் வந்து நிற்க, மோட்டார் சட்டென்று நின்றது. அறையே அடங்கிப்போனது.

"வண்டி நின்னுடுச்சா?" என்று கேட்டாள் அம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"நின்னுடுச்சும்மா."

"எங்கேடா நிக்குது?"

வாழ்நாளெல்லாம் அவன் கேலி பண்ணிய கதையைத் தவிர அவனிடம் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. "நான் செத்துட்டேம்மா" என்றான். "வண்டி கவுந்துடுச்சு. இங்க அப்பா இருக்காரு. நாங்க ரெண்டு பேரும் உனக்காகத்தான் காத்துட்டு இருக்கோம். நீ இனிமே தெம்பா இருக்க வேண்டாம். வந்துடு."

அம்மா மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. கொன்றுவிட்டேனோ என்று அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"வலிச்சுதாடா?"

"இல்லம்மா."

"அப்பா நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு."

"சரி, வரேன்" என்றாள் அம்மா, கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி. அண்ணி வாய்விட்டு அழும் சத்தம் போனில் கேட்டது. அண்ணன் செத்த பிறகு அவள் சத்தமாக அழுதது அன்றுதான். அம்மா அதற்கு மேலே குரலைக் கூட்டப் பார்த்தாள்.

"டேய், சின்னவனுக்குத் தெரியுமா?"

அவன் நின்றுபோன மோட்டாரின் மேல் கையை வைத்தான்.

"அவன்கிட்ட சொல்லிடாதீங்க. அவன் தாங்க மாட்டான். அப்பா போனப்பவே எப்படி அழுதான், உனக்குத் தெரியும்ல? வெளியூர் போயிருக்கேன்னு சொல்லி வை."

"சரிம்மா" என்றான் அவன், அண்ணன் குரலில். "அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன்."